கிளாப்பம் ஆம்னிபஸ் மனிதர்

ஆங்கில மொழியில் சாதாரண மனிதரைக் குறித்தற்குத் தொடர்கள் பல உள. 'டாம், டிக், ஹாரி' என்று மூன்று பெயர்களை அடுக்கிச் சொல்லுவர். நாம் குப்பன், சுப்பன் என்பதை ஒத்தது அது. அதில் எள்ளல் கலந்திருத்தலை யாவரும் உணர்வர். 'கிளாப்பம் ஆம்னிபஸ்ஸில் செல்லும் மனிதர்' என்னும் தொடரோ வேறு வகையது. இவரும் பெயரற்ற எளியவரே. ஆயினும், இவர் அந்நிலையில் என்ன செய்திருப்பார் என்று வினவியே நீதிபதிகள் பிறருடைய செயலை அளக்கின்றனர்.

இலண்டனில் ஆம்னிபஸ் வண்டியை 1829 சூலை 4ஆம் நாள் முதன்முதலாக ஓடச் செய்தவர் ஜார்ஜ் ஷில்லிபீர். மூன்று குதிரைகள் பூட்டிய அவ்வண்டியில் 22 பேர் செல்லலாம். 'ஆம்னிபஸ்' இலத்தீன் சொல். 'எல்லோர்க்கும்' என்பது அதன் பொருள். நம் இலக்கணப்படி கூறின், நான்காம் வேற்றுமை ஏற்ற பன்மைச் சொல். பிற்காலத்தார் தலையை விடுத்து வாலை மட்டும் பற்றிக்கொண்டமையால் 'பஸ்' பிறந்தது. வேற்றுமை உருபொன்று தனித்து நின்று வண்டிக்குப் பெயரானது இலக்கணம் கற்பிப்போர்க்குச் சுவையான செய்தியாகும்.

கிளாப்பம் தென் இலண்டனில் உள்ளது. பெருஞ்செல்வரும் அல்லாத, வறியரும் அல்லாத நடுத்தர மக்களின் இருப்பிடமாக அது கருதப்பட்டது. அங்கிருந்து வண்டியேறும் ஒருவரே பொதுமனிதருக்கு உருவமானார்.

இவருக்குப் பெயர் வாய்ப்பதற்கு முன்பே இவருடைய அளவுகோல் நீதிமன்றத்துள் புகுந்துவிட்டது. மென்லவ் என்பவர் தம் நிலத்தின் எல்லையோரம் உலர்புல்லைப் போராகக் குவித்து வைத்திருந்தார். அது தீப்பற்றக்கூடும் என்று பலமுறை எச்சரித்தும், நடப்பது நடக்கட்டும் என்று இருந்துவிட்டார். போர் எரிந்தது, அண்டை நிலத்துக் குடில்களும் எரிந்தன. தமக்கு எட்டிய அறிவின்படி நேர்மையாக நடந்ததே போதும் என்பது அவர் தரப்பு வாதம். 1837ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதனை மறுத்தது. அவரவர் அறிவை அளவாகக் கொள்வது அவரவர் பாதத்தை அளவாகக் கொள்வதற்கு ஒப்பாகும். பொதுவான மனிதரின் முன்னெச்சரிக்கையே அளவு என்றது. வீட்டை இழந்தவருக்கு, எரித்தவரின் அறிவுக் குறைவு எங்ஙனம் ஆறுதலாகும்?

கிளாப்பம் என்னும் பெயருடன் இத்தொடர் தீர்ப்பேட்டில் பதிவானது 1903இல். அதனை முன்னரே ஆண்டவர் 1894இல் மறைந்த போவன் பிரபு என்று நீதிபதி காலின்ஸ் குறிப்பிட்டார். விந்தை யாதெனில், அவர் அம்மனிதரைக் கூப்பிட்டது ஒதுக்கி வைப்பதற்கே! நாடகம் ஒன்றைக் கடுமையாகத் திறனாய்ந்த செய்தித்தாள் மீது தொடுக்கப்பட்ட வழக்கு அது. திறனாய்வாளர் சொல்வது பொதுமனிதருக்கும் சரியெனத் தோன்ற வேண்டுமென்பதில்லை என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் செய்தித்தாளின் பக்கம் நின்றது. கவனமாக நடத்தற்கு அவர் அளவுகோல். கலையை மதிப்பிடுதற்கு அல்லர். எழுதுவோர் நினைவிற்கொள்ளத்தக்க வேறுபாடு இது.

1933இல் கார்ப் பந்தயத்திடல் வழக்கொன்றில் நீதிபதி கிரியர் அம்மனிதருக்கு மேலும் உருவம் தந்தார்: வீட்டிற்கு வார மாத இதழ்கள் வரவழைப்பவர், மாலையில் கோட்டைக் கழற்றிவிட்டுப் புல்வெட்டும் பொறியைத் தள்ளுபவர். இவ்வோவியத்தில் பெண்ணுக்கு இடமில்லை. இங்கிலாந்தில் பெண்கள் நடுவர் குழுவில் அமரச் சட்டம் வழிவிட்டதே 1919இல்தான். நகைச்சுவை எழுத்தாளர் ஏ. பி. ஹெர்பர்ட், அறிவுடைய பெண் ஒருத்தியைச் சட்டம் அறியாது என்று தீர்ப்பதாக ஒரு கற்பனை வழக்கையே புனைந்து கேலி செய்தார்.

ஆங்கிலப் பொதுச்சட்டம் சென்ற நாடுகளுக்கெல்லாம் இப்பயணியும் சென்றார். மலேசிய, சிங்கப்பூர்ச் சட்ட மாணாக்கர்க்கும் அவர் அறிமுகமானவரே. ஹாங்காங்கிலோ அவர் ஷாவ்கீவான் டிராமில் ஏறினார்.

2014ஆம் ஆண்டில் பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தில் ரீட் பிரபு இத்தொடரை மீண்டும் ஆராய்ந்தார். கிளாப்பம் பேருந்தில் மெய்யாகவே செல்வோரைக் கூட்டில் ஏற்றி, நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்பது பொருந்தாது. அம்மனிதர் சட்டம் படைத்த கற்பனை, அவர் சார்பில் பேசுவது நீதிமன்றமே என்று அவர் தெளிவுபடுத்தினார்.