பெயர் மாறும் கோப்புகளும் தானியங்கித் தரவு இறக்குமதியும்

பெயர் மாறும் கோப்புகளிலிருந்து தானியங்கித் தரவு இறக்குமதி என்பது, குறித்த இடைவெளிகளில் ஒவ்வொரு முறையும் புதிய பெயருடன் வந்து சேரும் கோப்புகளை மனிதத் தலையீடின்றி அடையாளம் கண்டு, அவற்றிலுள்ள தரவுகளைத் தரவுத்தளத்தில் சேர்க்கும் முறையாகும். வங்கிக் கணக்குகள், பங்குச் சந்தை விலைகள், மருத்துவப் பரிசோதனை முடிவுகள் போன்றவை இவ்வாறே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்கின்றன. எந்த நேரத்தில் வேலையைத் தொடங்க வேண்டும் எனக் கணினிக்குச் சொல்லிவைப்பது எளிது. இன்று வரும் கோப்பின் பெயர் என்ன என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் கடினம். இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வுகளின் வரலாறு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்டது.

பெருங்கணினிக் காலம்

ஐபிஎம் நிறுவனம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 பெருங்கணினிகளின் ஓஎஸ்/360 இயங்குதளத்தில் ‘தலைமுறைத் தரவுக் குழு’ என்ற ஏற்பாடு இருந்தது. ஒரே பொதுப்பெயரின் கீழ் வரும் கோப்புகளுக்கு ‘ஜி0001வி00’, ‘ஜி0002வி00’ என இயங்குதளமே வரிசை எண் இட்டது. நிரலரோ முழுப்பெயரை எழுத வேண்டியதில்லை. 0 என்றால் இப்போதைய கோப்பு, -1 என்றால் அதற்கு முந்தையது, +1 என்றால் புதிதாக உருவாக்கப்படுவது. மாணவரைப் பெயர் சொல்லி அழைக்காமல் ‘கடைசியாகச் சேர்ந்தவர்’ என்று அழைப்பதைப் போன்றது இது. பெயர் மாறினாலும் கட்டளை மாறுவதில்லை.

யுனிக்ஸ்: நேரமும் உருமாதிரியும்

பெல் ஆய்வகத்தில் உருவான யுனிக்ஸ் இயங்குதளம் வேறு வழியில் சென்றது. அதன் தொடக்கப் பதிப்புகளிலேயே ‘குளோப்’ என்ற நிரல் இருந்தது. நட்சத்திரக் குறி (*) எத்தனை எழுத்துகளையும், கேள்விக்குறி (?) ஓரெழுத்தையும் குறிக்கும். இதனால் மாறாத பகுதியை மட்டும் எழுதி, மாறும் பகுதியைக் குறியீட்டிடம் விட்டுவிடலாம். 1979இல் வந்த ஏழாம் பதிப்பில் ‘கிரான்’ என்ற கால அட்டவணை நிரல் இருந்தது. பால் விக்சி 1987இல் எழுதிய கிரான் பின்னர் பரவலாகப் பயன்பட்டது. கோப்புகளை வலையமைப்பு வழியே அனுப்பும் எஃப்டிபி நெறிமுறையின் முதல் வரையறையை 1971இல் எழுதியவர், கான்பூர் ஐஐடியில் பயின்ற அபய் பூஷண் ஆவார். அனுப்புதல், நேரம் குறித்தல், பெயரைப் பொருத்துதல் ஆகிய மூன்றும் இணைந்ததே இன்றைய முறையின் அடித்தளம்.

பெயருக்குள் நாள்

எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தில் கோப்பின் பெயருக்கு 8 எழுத்துகளும் பின்னொட்டுக்கு 3 எழுத்துகளும் மட்டுமே இடமிருந்தது. நாளைப் பெயரில் சேர்க்க விரும்பியோர் ஆண்டை இரண்டு இலக்கங்களில் சுருக்கி 6 இலக்கங்களில் எழுதினர். 1999 டிசம்பர் 31 என்பது ‘991231’ ஆனது; மறுநாள் ‘000101’ ஆனது. பெயர் வரிசையில் இறுதியாக நிற்பதே புதிய கோப்பு என நம்பும் நிரல், 2000ஆம் ஆண்டிலும் 1999இன் கோப்பையே எடுக்கும். 1988இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 தரநிலை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை வகுத்தது. ஆண்டை நான்கு இலக்கங்களில் இவ்வாறு எழுதினால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும்.

இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தை நாள்தோறும் வெளியிடும் விலைக் கோப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீண்ட காலம் அதன் பெயரில் நாள் முதலிலும், ஆங்கில மாதத்தின் மூன்றெழுத்து அடுத்தும், ஆண்டு இறுதியிலும் இருந்தன. பெயர்ப்படி அடுக்கினால் எல்லா மாதங்களின் முதல் நாள்களும் ஒன்றாக வரும். அவற்றிலும் ஏப்ரல், சனவரிக்கு முன் நிற்கும். விடுமுறை நாளில் கோப்பே வராது. 2024இல் இக்கோப்பின் பெயரும் அமைப்பும் மாறி, ஆண்டு முதலில் வரும் வடிவம் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயரை எதிர்பார்த்த நிரல்களைத் திருத்தியாக வேண்டியிருந்தது.

தரவுத்தளக் கருவிகள்

மைக்ரோசாஃப்ட் 1998இல் வெளியிட்ட எஸ்கியூஎல் சர்வர் 7.0இல் ‘டிடிஎஸ்’ என்ற இறக்குமதிக் கருவி இருந்தது. அதில் கோப்பின் பெயரை நாள்தோறும் மாற்றத் தனியே சிறுநிரல் எழுத வேண்டியிருந்தது. 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்குப் பதிலாக வந்த ‘எஸ்எஸ்ஐஎஸ்’, கோப்புறையில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, பெயரை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளும் சுழற்சி அமைப்பைக் கொண்டிருந்தது. 2014இல் அமேசான் அறிமுகப்படுத்திய ‘லாம்டா’ சேவையில், கோப்பு வந்து சேர்வதையே நிரல் தொடங்குவதற்கான அழைப்பாக அமைக்க முடிந்தது.

தானியங்கி முறையின் ஆபத்து

தானாக நடக்கும் வேலையில் நேரும் பிழையும் தானாகவே, ஓசையின்றி நடக்கும். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆய்வகங்கள் அனுப்பிய கொரோனா பரிசோதனைக் கோப்புகளைப் பழைய எக்செல் வடிவத்தில் தானாகச் சேர்த்துவந்தது. அவ்வடிவம் 65,536 வரிசைகளை மட்டுமே ஏற்கும். மிஞ்சியவை விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் கணக்கில் வரவில்லை. அவர்களுடன் தொடர்பிலிருந்தோரைத் தேடும் பணி தாமதமானது. இங்குக் கோப்பின் பெயரில் சிக்கல் இல்லை. வந்த வரிசைகளையும் சேர்ந்த வரிசைகளையும் ஒப்பிட்டிருந்தால் குறை உடனே தெரிந்திருக்கும்.

நிலைபெற்ற நடைமுறைகள்

- அனுப்புவோர் கோப்பை முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுமையடைந்த பின்னரே உரிய பெயரை இடுதல். இதனால் பாதி வந்த கோப்பு படிக்கப்படாது.
- சேர்க்கப்பட்ட கோப்புகளின் பெயர்களைப் பதிவேட்டில் குறித்து, அவற்றை வேறு கோப்புறைக்கு மாற்றுதல். இதனால் ஒரே தரவு இருமுறை சேராது.
- வரவேண்டிய கோப்பு வராவிட்டால் பொறுப்பாளருக்கு அறிவித்தல்.
- வரிசைகளின் எண்ணிக்கையை இரு முனைகளிலும் சரிபார்த்தல்.

பெருங்கணினிக் காலம் முதல் இன்றுவரை கருவிகள் பலமுறை மாறியுள்ளன. எனினும் கோப்பை அனுப்புவோரும் பெறுவோரும் பெயரிடும் முறையில் முன்கூட்டியே உடன்பட வேண்டும் என்ற தேவை மாறவில்லை.