சொல்லில்லாத கதைப் புத்தகங்கள்

எழுத்தறியாத பாட்டியும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பேரனும் ஒரே புத்தகத்தைச் சேர்ந்து படிக்க முடியுமா? முடியும், அதில் சொற்களே இல்லாதிருந்தால்! அத்தகைய நூல்களில் அடுத்தடுத்து வரும் படங்களே கதையைச் சொல்லிவிடுகின்றன.

இவ்வகை நூல்களில் முன்னோடியானவை பெரியவர்களுக்காக உருவானவை. பெல்ஜிய ஓவியர் ஃபிரான்ஸ் மாசெரீல் 1919இல், மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்களாலேயே ஒரு மனிதனின் வாழ்க்கையைக் கூறினார். 1929இல் அமெரிக்கரான லிண்ட் வார்ட் அவ்வழியில் சென்றார். 1967இல் மெர்சர் மேயர் குழந்தைகளுக்காக ஒரு சிறுவன், ஒரு நாய், ஒரு தவளை ஆகிய மூவரின் கதையை வரைந்தார். 1977இல் ஜப்பானியரான மிட்சுமாசா அன்னோ, குதிரையேறி ஐரோப்பாவைச் சுற்றும் பயணி ஒருவனைப் படைத்தார். 1984இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது அவரைத் தேடி வந்தது.

அமெரிக்காவின் கால்டிகாட் பதக்கமும் இந்நூல்களுக்குக் கிடைத்தது. தவளைகள் இலைமேல் அமர்ந்து ஊருக்கு மேலே பறக்கும் கதைக்காக டேவிட் வீஸ்னர் 1992இல் அதைப் பெற்றார். 2010இல் ஜெர்ரி பிங்க்னியின் நூல் பெற்றது. அது நாமறிந்த சிங்கமும் எலியும் கதைதான். விலங்குகளின் ஒலிகளைத் தவிர வேறு சொல் அதில் இல்லை.

சொல்லே இல்லையென்றால் குழந்தை எதைப் படிக்கிறது? மேசை விளிம்பில் ஒரு கண்ணாடிக் குவளை; அடுத்த படத்தில் தரையில் சில்லுகள், அருகே ஒரு பூனை. இடையில் நடந்ததை எவரும் வரையவில்லை, குழந்தையே ஊகிக்கிறது. விளைவைக் கண்டு காரணத்தைத் தேடும் இப்பழக்கமே அறிவியலின் முதற்படி அல்லவா?

மொழி தெரியாதவர்க்கும் இந்நூல்கள் துணையாகின்றன. இத்தாலியின் லம்பதூசா தீவில் அகதிகள் வந்திறங்கியபோது, பன்னாட்டு இளையோர் நூல் வாரியம் 2012இல் பல நாடுகளின் சொல்லில்லா நூல்களைத் திரட்டத் தொடங்கியது. உள்ளூர்க் குழந்தையும் அகதிக் குழந்தையும் ஒரே பக்கத்தைப் பார்த்துச் சிரிக்கலாம் அல்லவா?

நம் நாட்டிலும் இம்முயற்சி உண்டு. சென்னையின் தூலிகா பதிப்பகம் 2017இல் பிரியா குரியனின் நூலொன்றை வெளியிட்டது. மூக்குக்கண்ணாடியைத் தொலைத்த பாட்டி ஒருவர் படும் பாடுதான் கதை. தலைப்பை மாற்றினால் போதும். எம்மொழிக்கும் அது சொந்தமாகிவிடும்.

வன்னியம்பட்டிக்கு அருகிலுள்ள சிவகாசியில் வண்ண அச்சகங்களுக்குக் குறைவில்லை. நம் ஊர்க் கண்மாயையும் பருத்திக்காட்டையும் வரையும் ஓவியர்களும், குறைந்த விலையில் வெளியிடுவோரும் முன்வந்தால் போதும். எழுத்து தெரியவில்லையே என்று ஒதுங்கி நிற்கும் பாட்டியும் புத்தகத்தைக் கையில் எடுப்பார்.