‘மக்கும்’ கப்பில் சுடச்சுட டீ ஊற்றினால் வளைவது ஏன்? மூலக்கூறில் இருக்கு காரணம்!

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை அமலில் உள்ளது. 2022 ஜூலை 1 முதல் ஸ்ட்ரா, கப், ஸ்பூன் உள்ளிட்டவற்றுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. நாடு தழுவிய இந்தத் தடையில் உரமாக மக்கும் பிளாஸ்டிக்குக்கு விலக்கு உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் டிபன் கடை, ஜூஸ் கடை நடத்துபவர்கள் இதை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: அது எவ்வளவு சூடு தாங்கும்?

வளைவது ஏன்?

மக்கும் கப்களில் அதிகம் பயன்படுவது பிஎல்ஏ எனப்படும் பாலிலாக்டிக் அமிலம். மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையில் இருந்து தயாராகிறது. இதன் மூலக்கூறுகள் நீளமான சங்கிலிகள். சுமார் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை அவை அசையாமல் விறைப்பாக இருக்கும். அதைத் தாண்டினால் சங்கிலிகள் நகர ஆரம்பிக்கும், கப் தளர்ந்துவிடும். சுடச்சுட வரும் டீயோ 70 டிகிரிக்கு மேல். அப்புறம் வளையாமல் என்ன செய்யும்? மே மாத வெயிலில் மூடிய வேனுக்குள் வைத்தால்கூட உருமாறலாம்.

ஸ்பூன் மட்டும் தாங்குவது எப்படி?

லாக்டிக் அமிலத்தில் இடது கை, வலது கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. ஒரே வடிவம் என்றால் சங்கிலிகள் பெட்டியில் அடுக்கிய ஊதுபத்தி மாதிரி நெருக்கமாக அமர்ந்து படிகமாகும். இரண்டும் கலந்தால் இடியாப்பம் மாதிரி சிக்கலாகிவிடும்.

நன்கு படிகமான பிஎல்ஏ 80 டிகிரிக்கு மேலும் வடிவம் மாறாது. படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அது வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் தெரியும். கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் பிஎல்ஏ கப் ஜூஸுக்கு ஓகே, டீக்கு வேண்டாம்.

பை மட்டும் மெத்தென்று இருப்பது ஏன்?

மக்கும் கேரி பேக்கில் பெரும்பாலும் பிபிஏடி என்ற பிளாஸ்டிக் சேர்க்கப்படுகிறது. இதன் சங்கிலிகள் எளிதில் வளையக்கூடியவை. சுமார் மைனஸ் 30 டிகிரியிலேயே விறைப்பு போய்விடும். அதனால்தான் பை கிழியாமல் இழுபடுகிறது. ஆனால் சுமார் 120 டிகிரியில் உருகிவிடும்.

ஏரியில் போட்டால் மக்குமா?

முக்கியமான விஷயமே இதுதான். பிஎல்ஏ வேகமாக மக்குவதற்கும் கிட்டத்தட்ட அதே சூடு தேவை. சங்கிலிகள் தளர்ந்தால்தான் தண்ணீர் உள்ளே புகுந்து அவற்றை வெட்டும். பிறகு நுண்ணுயிரிகள் தின்னும். தொழில்முறை உரக்கூடத்தில் 58 டிகிரி அளவுக்குச் சூடு கிடைக்கும். அம்பத்தூர் ஏரியிலோ, ஆவடி பருத்திப்பட்டு ஏரியிலோ அந்தச் சூட்டுக்கு வாய்ப்பே இல்லை. தூக்கிப் போட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

* ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 தரக் குறியீடு இருக்கிறதா?
* தயாரிப்பாளரிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் உள்ளதா?
* எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று குறிப்பிட்டிருக்கிறதா?

‘மக்கும்’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். வீட்டில் இருந்து மஞ்சப்பையும் தூக்குவாளியும் எடுத்துப் போனால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.