மஞ்சள் ரோஜாவின் வம்சம்

ரோஜாச் செடி வாங்கப் போகிறவர்கள் ஒரு தடவையாவது ஏமாறாமல் திரும்பியதில்லை. நானும் ஏமாந்தவன்தான். தொட்டி தொட்டியாக எத்தனை நிறம் பூத்திருந்தாலும் என் கண் மஞ்சள் மேல்தான் போய் நிற்கும்.

"மஞ்சளா, சார்? சவலைக் குழந்தை மாதிரி அது. இலையிலே கறுப்புப் புள்ளி விழும். பார்த்துப் பார்த்து வளர்க்கணும்" என்று எச்சரித்தார் செடி விற்ற பெரியவர். அவர் சொன்ன கறுப்புப் புள்ளிக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சென்ற நூற்றாண்டு பிறக்கும் வரையில் ஐரோப்பியத் தோட்டங்களில் நல்ல அழுத்தமான மஞ்சளில், பருவம் முழுவதும் பூக்கிற பெரிய ரோஜா கிடையாது. சிவப்பு உண்டு, வெள்ளை உண்டு, ரோஜா நிறம் என்றே நாம் சொல்லுகிற இளஞ்சிவப்பு வேண்டிய மட்டும் உண்டு. தேயிலை ரோஜா என்ற ஜாதியில் வெளிர் மஞ்சள் இருந்தது. ஆனால் அது பனிக்கு ஆகாத சுகவாசி. அசல் மஞ்சள் பாரசீகத்திலிருந்து வந்த ஒரு செடியிடம் இருந்தது. ஸர் ஹென்றி வில்லாக் என்பவர் 1830-களின் பிற்பகுதியில் அதை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தார். பளீரென்ற நிறம். ஆனால் ஆண்டுக்கு ஒரே தடவைதான் பூக்கும். வாசனையும் மெச்சும்படி இராது. மகரந்தமோ கிட்டத்தட்ட மலடு.

இந்த மலட்டு மகரந்தத்தை வைத்துக்கொண்டு வம்சம் வளர்க்கப் புறப்பட்டார் ஒரு பிரெஞ்சுக்காரர். ஜோஸப் பெர்னே என்று பெயர், 1859-ல் பிறந்தவர். லியோன் நகரத்தில் டுஷே என்ற குடும்பத்தாரின் ரோஜாத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீட்டுப் பெண்ணையே கலியாணம் செய்துகொண்டு, தம் பெயரோடு மாமனார் வீட்டுப் பெயரையும் சேர்த்து, பெர்னே-டுஷே ஆனார். நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இந்த மாப்பிள்ளையோ அந்தப் பெயரை உலகம் முழுவதும் பரப்பினார்.

ரோஜாவுக்கு ரோஜா கலப்பது சொல்லுகிறபடி எளிய காரியம்தான். மொட்டு விரியுமுன்பே இதழ்களைப் பிய்த்து, அந்தப் பூவின் சொந்த மகரந்தத் தாள்களையும் கிள்ளி எறிந்துவிட வேண்டும். வேறொரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைத்து, வண்டு வராமல் காகிதப் பையால் மூடிவிட வேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் காய் பிடிக்கும். காய்க்குள் இருக்கிற விதை ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான். நூற்றுக்கணக்கில் முளைக்கும், பிடுங்கி எறிந்தது போக ஒன்றோ இரண்டோ மிஞ்சும். இந்த வேலையைப் பெர்னே-டுஷே 1880-களில் தொடங்கினார். ஊதாச் சிவப்பு ரோஜா ஒன்றுதான் தாய்; பாரசீகத்தான் தகப்பன். காய் பிடிக்காமல் உதிர்ந்த பூக்கள் எத்தனையோ! கடைசியில் 1900-ஆம் ஆண்டில்தான் 'ஸொலேய் தோர்', அதாவது 'பொற்கதிரவன்', விற்பனைக்கு வந்தது. அதுகூட முழு மஞ்சள் அல்ல, செம்மை கலந்த பொன் நிறம். 1910-ல் வந்த 'ரேயோன் தோர்'தான் சந்தேகமில்லாத மஞ்சள்.

நிறத்தைக் கொடுத்த பாரசீகத் தகப்பன் வியாதியையும் சேர்த்தே கொடுத்தான். இலைகளில் கறுப்புப் புள்ளி விழுந்து, மஞ்சளித்து, உதிர்ந்து, செடி மொட்டையாக நிற்கும். செடி விற்ற பெரியவர் சொன்னது இதைத்தான்.

பெர்னே-டுஷேக்கு இரண்டு பிள்ளைகள்: க்ளோதியஸ், ஜார்ஜ். தோட்டத்தை அவர்கள் கையில் ஒப்படைத்து ஓய்வு பெறலாம் என்றிருந்தார். முதல் உலக யுத்தம் வந்தது. இருவருமே போர்முனையில் மாண்டார்கள். கிழவர் அதற்குப் பிறகும் தோட்டத்துக்குப் போனார்; மொட்டுகளைக் கிள்ளினார்; பைகளைக் கட்டினார். 1920-ல் வெளிவந்த ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு 'க்ளோதியஸ் பெர்னே ஞாபகார்த்தம்' என்று பெயரிட்டார். அடுத்த வருஷம் வந்ததற்கு 'ஜார்ஜ் பெர்னே ஞாபகார்த்தம்'. பிள்ளைகள் இல்லாத தோட்டம் பிறர் கைக்குப் போயிற்று. 1928-ல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

கதை அதோடு முடியவில்லை. அதே லியோன் பக்கத்தில் இன்னொரு ரோஜாக் குடும்பம், மெயான் என்று. அந்த வீட்டு இளைஞன் பிரான்ஸிஸ் 1935-ல் செய்த கலப்பில் ஒரு நாற்று தேறியது. 3-35-40 என்று சிறைக் கைதி மாதிரி அதற்கு எண் மட்டும் இட்டிருந்தார்கள். வெளிர் மஞ்சள்; இதழ் ஓரத்தில் இளஞ்சிவப்புச் சாயம். 1939-ல் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் அதன் குச்சிகள் போயின. அமெரிக்காவுக்கும் போயின. யுத்தம் மூண்டு கடிதப் போக்குவரத்து நின்றது. ஒரே செடி பிரான்ஸில் பிரான்ஸிஸின் தாயார் பெயரால் 'மேடம் ஏ. மெயான்' ஆயிற்று. ஜெர்மனியில் 'குளோரியா தெய்', இத்தாலியில் 'ஜோயா'. சண்டை போட்ட நாடுகளில் ஒரே பூ வெவ்வேறு பெயரில் பூத்துக்கொண்டிருந்தது.

அமெரிக்கர்கள் 1945 ஏப்ரல் 29-ந் தேதி கலிபோர்னியாவில் விழா நடத்தி அதற்கு 'பீஸ்', அதாவது 'சமாதானம்', என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்குத்தான் பெர்லின் வீழ்ந்தது என்று ரோஜாப் புத்தகங்கள் தவறாமல் எழுதுகின்றன. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இப்படிக் கச்சிதமான பொருத்தத்தைக் கண்டால் சந்தேகம் வரும். பெர்லின் பணிந்தது மே 2-ந் தேதி. ஏப்ரல் 29-ந் தேதி ஹிட்லரே உயிரோடு இருந்தான்.

ஆனால் யாரும் ஜோடிக்காத பொருத்தம் ஒன்று இருக்கிறது. அச்சாகியிருக்கிற வம்சாவளியைப் பார்த்தால், 'சமாதான'த்தின் மூதாதைகளில் ஒன்று க்ளோதியஸ் பெர்னேயின் பெயர் தாங்கிய அந்த மஞ்சள் ரோஜா. முதல் யுத்தத்தில் மாண்ட பிள்ளையின் பெயர், இரண்டாம் யுத்தத்தின் முடிவில் பூத்த பூவின் இரத்தத்தில் ஓடுகிறது. இதை நானாகக் கதையில் எழுதியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் அடித்திருப்பார்.

இன்னொரு விந்தை. விதை போட்டால் 'சமாதானம்' வராது. உலகத்தில் உள்ள அத்தனை செடிகளும் அந்த ஒற்றை நாற்றிலிருந்து கண் எடுத்து ஒட்டியவைதான். ஆகவே யார் வேண்டுமானாலும் ஒரு குச்சியை ஒடித்துத் தொழில் நடத்தலாம்; உண்டாக்கியவனுக்குக் காலணா கிடைக்காது. அமெரிக்காவில் 1930-ல் செடிகளுக்கும் காப்புரிமைச் சட்டம் வந்தது. 1931-ல் முதல் உரிமை பெற்றதும் ஒரு ரோஜாதான். ஐரோப்பாவிலும் அப்படி வேண்டுமென்று பிரான்ஸிஸ் ஓயாமல் போராடினார். 1958-ல், ஐம்பது வயதுகூட நிரம்பாமல், இறந்துபோனார். புதுச் செடி உண்டாக்குகிறவர்களின் உரிமைக்கான சர்வதேச ஒப்பந்தம் 1961-ல் பாரிஸில் கையெழுத்தாயிற்று.

என் மஞ்சள் ரோஜா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதல் மழையில் புள்ளி விழுந்தது. இரண்டாவது வருஷம் ஒட்டுக்கு மேலே இருந்த பாகம் காய்ந்தது. கீழே, வேர்ச்செடியாக வைத்திருந்த எட்வர்ட் ரோஜா தழைத்துக் கிளம்பிக் கொத்துக் கொத்தாகப் பூக்க ஆரம்பித்தது. வெட்டி எறியக் கத்தியோடு போனேன்.

"நல்லா இருக்கிறதைப் போய் வெட்டுவீங்களா? மணம் எப்படித் தூக்குது, பாருங்க" என்று என் மனைவி தொட்டியை என்னிடமிருந்து இழுத்துக்கொண்டாள். தினமும் காலையில் ஸ்வாமி படத்துக்கு இரண்டு, தலைக்கு ஒன்று பறிக்கிறாள்.