செனெக்காவுக்கு வள்ளுவரை அறிமுகம் செய்தவர்

சென்ற வாரம் ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் நின்றோம். அங்கிருந்து கரம்பொன் அதிக தூரமில்லை. 1913 ஆகஸ்ட் 2 அன்று அந்த ஊரில் பிறந்த சேவியர் ஸ்தனிஸ்லாஸ்தான் பின்னாளில் தனிநாயகம் அடிகள். உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளைத் தொடக்கிவைத்தவர் என்றே அவரைச் சொல்லிப் பழகிவிட்டோம். என்னைக் கேட்டால் அடிகள் முதலில் பேச்சாளர். மாநாடுகளெல்லாம் அந்தப் பேச்சில் விளைந்தவை.

ஊர்காவற்றுறை அந்தோனியார் கல்லூரி, யாழ்ப்பாணம் பத்திரிசியார் கல்லூரி, கொழும்புக் குருமடம், பிறகு ரோம். அங்கே 1938இல் குருப்பட்டம். ஆய்வேடும் கார்த்தேஜ் நகரத்துப் பழங்காலக் குருக்களைப் பற்றியது. இலத்தீன் கைவந்துவிட்டது, சங்க இலக்கியம்தான் எட்டவில்லை. 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துக்குப் பள்ளி ஆசிரியராக வந்தார். முப்பதை நெருங்கிய அந்த வயதில், பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் முன்னே பாடம் கேட்க உட்கார்ந்தார். ஆசான் ஐயர், மாணாக்கர் கத்தோலிக்கச் சாமியார்! அங்கே பிடித்த தமிழ் அவரை அண்ணாமலைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுபோனது. சங்கப் பாடல்களில் இயற்கை என்பதே அவர் அங்கே எடுத்துக்கொண்ட ஆய்வு.

பிந்திப் படித்தவருக்கு ஒரு வசதி உண்டு. புதிதாக வருகிறவன் எங்கே முழிப்பான் என்று அவருக்குத் தெரியும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தமிழே அறியாதவர்கள் முன்னால் தமிழைப் பற்றிப் பேச இது கைகொடுத்தது. கேட்பவனுக்குத் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தமிழுக்குள் அழைத்து வருவது அடிகளின் வழி. 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் பேராசிரியரானார். அங்கே நிகழ்த்திய தொடக்கப் பேருரைக்கு அவர் எடுத்த பொருள், இந்தியச் சிந்தனையும் ரோம ஸ்டோயிக் மெய்யியலும். உலகையே ஊராகக் கொண்டு, இன்பதுன்பத்தில் நிலைகுலையாமல் நிற்கும் செனெக்காவின் அறிஞனும் நம் சான்றோரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்போல அவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். இன்று விமான நிலையக் கடைகளில் தன்னம்பிக்கை நூல்களோடு செனெக்காவையும் அடுக்கி விற்கிறார்கள். எங்கள் தீவான் முந்திக்கொண்டார்.

தேடலிலும் அதே கண்தான். 1554இல் லிஸ்பனில் அச்சான சிறு செபநூலைத் தமிழர் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அதில் இருப்பது தமிழ், எழுத்து மட்டும் ரோமன். கூடவே போர்த்துக்கேய மொழிபெயர்ப்பு. புரூவென்சா பாதிரியாரின் 1679ஆம் ஆண்டு தமிழ்-போர்த்துக்கேய அகராதியையும் 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக்கினார்.

அதே 1966, அதே கோலாலம்பூர்: முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. அதற்கான மன்றம் 1964 ஜனவரியில் டில்லியில், கீழைத்தேயவியலாளர் மாநாட்டுக்கு வந்திருந்தவர்களைக் கூட்டிவைத்து அவர் அமைத்தது. பிறகு சென்னை, பாரிஸ். நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் அவர் படித்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக்கே வந்தது. கடைசி நாளான 10ஆம் திகதி, வீரசிங்கம் மண்டபத்து முன்றலில் சனம் நிறைந்திருக்க, பொலிஸார் உள்ளே புகுந்தார்கள். அந்த இரவைப் பற்றி அடுத்த வாரம்.