மாணவர் கலவரமும் தலைமுறைப் பார்வையும்: ஓஹியோ, 1970–2003

விளையாட்டுப் போட்டிகளுக்குப் பின் எழும் மாணவர் கலவரங்களை, நோக்கமற்ற இளைய தலைமுறையின் அடையாளமாக மூத்தோர் காணும் போக்கு அமெரிக்காவில் உண்டு. கொள்கைக்காகத் தெருவில் இறங்கிய வியட்நாம் போர்க்கால மாணவர்களே இம்மதிப்பீட்டின் அளவுகோல். ஓஹியோ மாநில வரலாறு அதனை ஐயத்திற்கு உள்ளாக்குகிறது.

1970 மே 4 அன்று, கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போரெதிர்ப்புக்குத் திரண்டிருந்த மாணவர்கள்மீது தேசியக் காவற்படை சுட்டதில் நால்வர் இறந்தனர். அதையடுத்த கேலப் கருத்துக்கணிப்பில் 58 விழுக்காட்டினர் மாணவர்களையே குற்றம்சாட்டினர். காவற்படையைக் குறைகூறியோர் 11 விழுக்காட்டினரே. வளாக வன்முறையில் கைதாகும் மாணவரை இடைநீக்கம் செய்ய வழிவகுக்கும் சட்டமும் அவ்வாண்டே இயற்றப்பட்டது.

2002 நவம்பர் 23 அன்று, அமெரிக்கக் கால்பந்தில் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி மிச்சிகன் அணியை 14–9 என வென்றது. அன்றிரவு கொலம்பஸ் நகரில் மாணவர் வாழும் தெருக்களில் கார்கள் கவிழ்த்து எரிக்கப்பட்டன. கலவரக் குற்றத்தில் தண்டனை பெற்றோருக்கு மாநிலக் கல்வி உதவித்தொகையை மறுக்கும் சட்டம் 2003இல் வந்தது.

போரெதிர்ப்பும் வெற்றிக் களியாட்டமும் ஒன்றல்ல. எனினும் இருமுறையும் சட்டம் மாணவரின் படிப்பையே குறிவைத்தது. கொள்கை வீரராக இன்று நினைவுகூரப்படுவோரும் தம் காலத்தில் பெரும்பான்மையோர்க்குக் கலகக்காரரே. ஆகவே, மூத்தோர் கையாளும் அளவுகோல் 1970இன் மதிப்பீடன்று. பின்னாளைய நினைவு வடித்தது.