பாசிப்பாட்டம்: ஏரிமீன் யாருடைய கணக்கில்?

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குக் கல்வெட்டுப் பார்க்கச் செல்வோரில் பெரும்பாலோர் குடவோலையோடு திரும்பிவிடுகின்றனர். முதலாம் பராந்தகச் சோழரின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட அச்சாசனங்களில் நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் சொல் 'ஏரிவாரியம்'. அறுவர் கொண்ட குழு. 360 நாள் பதவி. எந்த வாரியத்திலேனும் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர். அவர்தம் நெருங்கிய உறவினருக்கும் அதே கதிதான். வயிரமேக தடாகம் என்று பல்லவர் காலம் தொட்டு அழைக்கப்பட்ட அப்பேரேரியின் பொறுப்பு இவ்வளவு கண்டிப்பான ஏற்பாட்டின் கீழ் இருந்தது.

ஏரியின் கணக்கு என்றவுடன் நமக்கு நெல்லும் நீரும் நினைவுக்கு வருகின்றன. மீனும் அதில் உண்டு. உத்திரமேரூரின் தேர்தல் விதிகள் மீனைப் பற்றிப் பேசுவன அல்ல. ஆனால் தமிழகத்துக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்றொரு வருவாய் குறிக்கப்படுகிறது. நீர்நிலையில் மீன்பிடிக்கும் உரிமைக்கு ஈடாகச் செலுத்தப்பட்டது அது. சில ஊர்களில் இத்தொகை அந்த ஏரியைத் தூரெடுக்கவும் கரையை உயர்த்தவுமே ஒதுக்கப்பட்டது. எளிய ஏற்பாடுதான், எனினும் இதன் நுட்பம் வியக்கத்தக்கது. ஏரி தூர்ந்தால் மீன் குறையும், மீன் குறைந்தால் பாட்டம் குறையும், பாட்டம் குறைந்தால் தூரெடுக்கப் பணமிராது. ஆகவே மீனைக் காப்பதும் ஏரியைக் காப்பதும் ஒரே வேலையாயின.

காஞ்சி வட்டாரத்து ஏரிமீன்களின் இயல்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். தென்னேரி, உத்திரமேரூர் போன்ற இவ்வூர் ஏரிகள் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, மழை பொய்த்த ஆண்டின் கோடையில் வற்றிவிடக்கூடியவை. விரால், குறவை, கெளுத்தி, பனையேறிக் கெண்டை ஆகியன நீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்க வல்லவை. சேறும் சிறு மடுவும் எஞ்சினால் அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்கும். ஐப்பசியில் மேலேரியின் கலங்கல் வழிந்து வரத்துக்கால் ஓடத் தொடங்கியதும் மீன்கள் எதிரேறிப் புதுநீருக்குள் நுழையும். விராலோ தன் சிவந்த குஞ்சுக் கூட்டத்தைத் தாயும் தந்தையுமாக நின்று காக்கும். அவ்வேளையில் பெற்ற மீனைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளும் பிழைக்கா. நாட்டுமீன் யாரும் கொண்டுவந்து விட்டதன்று. சேறு, மடு, வரத்துக்கால் மூன்றும் இருந்தால் தானே வரும்.

19ஆம் நூற்றாண்டில் இவ்விணைப்பு தளர்ந்தது. சென்னைப் படையில் மருத்துவராயிருந்து மீனியல் அறிஞரான பிரான்சிஸ் டே, இந்திய, பர்மிய நன்னீர் மீன்வளம் குறித்த தம் அறிக்கையை 1873இல் வெளியிட்டார். சிறுகண் வலைகளாலும் பொறிகளாலும் குஞ்சுமீன்கள் கணக்கின்றி அழிக்கப்படுவதே அவருடைய பெருங்கவலை. கால் நூற்றாண்டு கழித்து வந்த 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் நீரில் வெடிவைப்பதையும் நஞ்சிடுவதையும் தடைசெய்தது. வலைக்கண் அளவை மாகாண அரசுகளின் விதிகளுக்கு விட்டுவிட்டது. சர் பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1907இல் சென்னை மாகாண மீன்வளத் துறை தோன்றியது. இவர்கள் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் மீன் ஒரு துறையிடமும் மதகு வேறொரு துறையிடமும் போய்ச் சேர்ந்தன.

பிறகு வந்தவை வேற்றுநீர் மீன்கள். 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, நம்மூர்ச் சந்தையில் ஜிலேபிக் கெண்டையாகிவிட்டது. தேங்கிய நீரிலேயே ஆண்டில் பலமுறை இனம்பெருக்கும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய வடநாட்டு ஆற்று மீன்களோ ஓடும் வெள்ளத்தில் முட்டையிடுபவை. ஏரியில் வளரும், ஆனால் பெருகா. 1957இல் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசிவழி செலுத்தி இக்கெண்டைகளைச் சினைவிடச் செய்து காட்டியபின் குஞ்சுகள் பொரிப்பகங்களில் இலட்சக்கணக்கில் கிடைக்கலாயின. உணவு வரலாற்றில் அது பெருஞ்சாதனை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏலம் எடுத்தவர் குஞ்சு விட்டு, வளர்த்து, பிடித்துச் செல்லும் ஏரியில் வரத்துக்கால் அடைபட்டாலும் அவருக்குப் பெரிய நட்டமில்லை. குஞ்சு வண்டியில் வருகிறது! தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இவ்வாறே பல நீர்நிலைகளுக்குள் நுழைந்துவிட்டது.

இன்றும் ஏரிமீன் ஏலம் நடக்கிறது. ஏலத்தொகை பெரும்பாலும் பொதுக்கணக்கில் கலந்துவிடுகிறது. அதே ஏரியின் மதகுக்குத் திரும்பும் என்ற உறுதியில்லை. பாசனக்காரர் நீரைத் திறக்கச் சொல்வார், குத்தகைக்காரர் மீன் வளரும்வரை தேக்கச் சொல்வார். இருவரையும் ஒரே அவையில் உட்காரவைக்க ஏரிவாரியம் இல்லை.

வேடந்தாங்கலை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798 வாக்கில் அவ்வூரார்க்குப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் அளித்தார். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பது ஊராரின் கணக்கு. அப்பறவைகள் சுற்றுவட்டார ஏரிகளில் எல்லாம் இரைதேடுபவை. குத்தகை கட்டாத மீன்பிடிகாரர்கள்.

தமிழக அரசு 2017இல் குடிமராமத்தைப் புதுப்பித்தபோது ஏரிகள் பல தூரெடுக்கப்பட்டன. வரவேற்போம். ஆனால் தரையைச் சமமாக வாரிவிடாமல் மதகடியில் ஆழமடு ஒன்றை விட்டுவைப்பதும், கோடையில் அதில் எஞ்சும் தாய்மீன்களைப் பிடிக்காதிருப்பதும், ஏலத்தொகையில் ஒரு பங்கை அந்த ஏரிக்கென்றே எழுதிவைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களா? காஞ்சி நகரத்தின் கழிவுநீர் சென்று சேரும் நத்தப்பேட்டை ஏரியில் இதற்கும் முன்னதாக வேறு வேலை காத்திருக்கிறது: சாக்கடையைத் திருப்புவது. அதைச் செய்யாமல் அங்கே எத்தனை குஞ்சு விட்டாலும் வீண்.